மாலூர் வந்ததும் ஒரு போன்

பிரிண்ட் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி கம்பெனியில் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் ஸ்டென்சிலை எப்படிக் கட்டுவது, எவ்வளவு அழுத்தம் வைப்பது, ஓவனில் எத்தனை டிகிரி என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படிக்கத் தெரியாமலா உங்களை வேலைக்கு எடுத்தார்கள்? சுவரில் ஒட்டாத ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். நான் செய்த ஒரு தப்பு அது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லிச் சொல்லிச் சிரித்து வெட்கமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

என்னை ரோஸக்கா என்பார்கள். கோலார் தங்கவயலில் ஊரிகத்தில் வீடு. அப்பா சுரங்கத்தில் பெல்மேன். ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வரலாமா, கீழே போகலாமா என்று மணியடித்துச் சொல்கிற வேலை. நான் வேலைக்குப் போன காலத்தில் சுரங்கம் மூடியாயிற்று. எங்கள் ஊரில் பாதிப் பேரைப் போல நானும் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் வந்தேன். உங்களில் சிலரும் அதே ரயிலில்தான் வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் இந்தக் கதை முக்கியமாக உங்களுக்குத்தான்.

அப்போது பிரிண்ட் ரூமில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் தங்கவயல் பெண்கள், ஆறு பேரும் கான்ட்ராக்ட். ஒரே ரயில், ஒரே பெட்டி, எதிரெதிர் சீட். நான் லைன் லீடர். என் வலது கை, தங்கவயல் பாலகாட் பகுதிச் சுமதி. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அவளை விஞ்ச ஆளில்லை. வாயைத் திறந்தாலும் ஆளில்லை.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். மெல்லிய எஃகுத் தகட்டில் தலைமுடியைவிடக் கொஞ்சமே பெரிய ஓட்டைகள் இருக்கும். அதன் மேல் பசையை இழுத்தால், கீழே இருக்கிற போர்டில் அந்த ஓட்டைகளின் அளவுக்குப் பொட்டுப் பொட்டாய்ப் பசை உட்காரும். அந்தப் பொட்டுகளின் மேல் சிப்பை வைத்து ஓவனில் சுட்டால் ஒட்டிக்கொள்ளும். ஈயப் பசையானாலும் சரி, வெள்ளித்தூள் கலந்த பசையானாலும் சரி, எல்லாம் பிரிட்ஜில் தூங்கும். வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். குளிர் போவதற்குள் திறந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளரைப் போல உள்ளே வேர்த்துவிடும். வேர்த்த பசை ஓவனில் பொரியும்.

அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்குத் தலைவலி. எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து, டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, ஒன்பது மணிவரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து நிற்பார். ஆறு பேர் சும்மா நிற்பதைப் பார்த்தால் எந்த மேனேஜருக்குத்தான் பிடிக்கும்?

இதற்கு நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ரயில் மாலூர் வரும்போது ஆறு ஐம்பது. அங்கிருந்து ஒயிட்பீல்டில் இறங்கி, கம்பெனி வண்டி பிடித்து, கோட் மாட்டி மெஷின் முன்னால் நிற்கச் சரியாக ஒரு மணி நேரம் ஆகும். கம்பெனியில் ஆறு மணிக்கே வந்துவிடுகிற ஒருத்தி இருந்தாள். வராண்டாவையும் பிரிட்ஜ் இருக்கிற அறையையும் துடைக்கிறவள். ஹொசகோட்டைப் பக்கம். கன்னடம்தான் பேச்சு, தமிழ் எங்களிடம் பழகிப் பழகி வந்தது. மாலூரில் ரயில் நின்றதும் அவளுக்கு ஒரு போன் அடிப்பேன். அவள் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்து, மூடியில் ஸ்டிக்கர் ஒட்டி, எடுத்த நேரத்தை எழுதுவாள். நாங்கள் போய்ச் சேரும்போது பசை தயாராக இருக்கும்.

அவள் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். நாங்கள் அவளை பிரிட்ஜக்கா என்போம். வயதில் என்னைவிடப் பத்து வருஷம் சின்னவள். ஆனாலும் எல்லாருக்கும் அக்காதான்.

இந்த ஏற்பாடு யாருக்கும் தெரியாது. எந்தத் தாளிலும் இல்லை. நாங்கள் எட்டு மணிக்கே மெஷின் ஓட்டம் ஆரம்பிப்பதைப் பார்த்து மேனேஜர் அசந்துபோய், எல்லாரையும் கூட்டி வைத்துக் கைதட்ட வைத்து, எங்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்க் பரிசு கொடுத்தார். வாங்கிக்கொண்டோம். கொஞ்சம்கூடக் கூச்சமே இல்லை.

நடுவில் ஒரு நாள் ஒரு சம்பவம் நடந்தது. அன்றைக்குக் கரண்ட் பிரச்சினை, வேலை இல்லை. வெளியே எடுத்த ஈயப் பசை டப்பா கெட்டுப்போகுமே என்று பிரிட்ஜக்கா அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். மறுநாள் அது எனக்குத் தெரிந்தது. ஒரு முறை குளிர் விட்ட பசையைத் திரும்பக் குளிரில் வைத்தால் உள்ளே பிரிந்துபோகும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஒட்டிய பிறகு சொதப்பும். நான் அவளை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். என் கோபம் அப்படிப்பட்டது, வந்தால் வாசல் வரை கேட்கும். இது பாலா, திரும்பத் திரும்ப உள்ளே வைத்து எடுக்க என்று கேட்டேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். நான் மன்னிப்பும் கேட்கவில்லை. நான் சொன்னது சரிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

காதுக் கருவி செய்கிற ஒரு கம்பெனியின் வேலை எங்களுக்கு வரும்போல இருந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதியளவுதான் போர்டு. அதன் மேல் வெள்ளிப் பசையில் பொட்டுகள். இந்த வேலை வந்தால் பிரிண்ட் ரூமில் ஆறு பேரையும் நிரந்தரமாக்கிவிடுவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். வராவிட்டால் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிப்பது கஷ்டம் என்றும் சொல்லியிருந்தார். ஆறு வீடுகளில் எல்லாருக்கும் இது தெரியும். சுமதியின் மாமியார் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தார். எங்கள் சர்ச்சில் நானும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாரத்தை எல்லாப் பக்கமும் பங்கு போட்டாயிற்று.

சோதனை ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். புனேயிலிருந்து அந்தக் கம்பெனியின் பொறியாளர் அம்மா ஒருவர் வந்து நேரில் நின்று பார்ப்பார். பதினாறு போர்டுகள் அச்சடித்துக் காட்ட வேண்டும். அவற்றை அவர் மாலை விமானத்தில் எடுத்துக்கொண்டு போவார். பசையை அவர்களே அனுப்பியிருந்தார்கள், இரண்டு சின்ன டப்பா. ஒன்றைப் பழகிப் பார்க்கத் தீர்த்துவிட்டோம். மிச்சம் ஒன்று. வெளியே எடுத்ததிலிருந்து நாலு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். அதற்குப் பிறகு அச்சடித்தால் விழும், ஒட்டவும் ஒட்டும், ஆனால் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அன்று மாலூரில் வழக்கம்போல போன் அடித்தேன். பிரிட்ஜக்கா எடுத்துவிட்டேன் என்றாள். ஆறு ஐம்பது. சுமதி புதுச் சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். உள்ளே போனதும் தொப்பிக்குள் போகப்போகிற பூ எதற்கென்று நாங்கள் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். மாலூர் தாண்டிக் கால் மணி நேரம் இருக்கும், வண்டி நின்றது. வெளியே யூக்கலிப்டஸ் தோப்பு. ஸ்டேஷன் எதுவும் இல்லை.

பத்து நிமிஷம் போயிற்று. முன்னால் கரண்ட் கம்பி அறுந்து கிடக்கிறது, எப்போது சரியாகும் என்று தெரியாது என்று பெட்டியில் பேசிக்கொண்டார்கள். ஒரே டப்பா. அது அங்கே மேஜை மேல் உட்கார்ந்து சூடேறிக்கொண்டிருக்கிறது. நாங்கள் இங்கே தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சுமதிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னாக்கா யோசிச்சிகினு கீறே? திரும்ப உள்ள வெச்சிடச் சொல்லு. அரை மணி நேரம்கூட ஆவல. இன்னா ஆயிடப் போவுது?"

எல்லாரும் அதையே சொன்னார்கள். நான் லைன் லீடர். எது சரி, எது தப்பு என்று அந்தப் பெட்டியில் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவள். போனை எடுத்து, பிரிட்ஜக்கா, டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்துவிடு என்றேன். எந்தத் தப்புக்காக அவளை ஊரறியக் கத்தினேனோ அதே தப்பை நானே செய்யச் சொன்னேன். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே போகிறது என்றே தெரிவதில்லை.

அந்தப் பக்கமிருந்து அவள் சொன்னாள்.

"ஆச்சே வந்துச்சுன்னா வந்துச்சு, ரோஸக்கா. நீங்கதானே சொன்னீங்க, இது பால் இல்லன்னு. நான் வெக்க மாட்டேன்."

ஆச்சே என்றால் கன்னடத்தில் வெளியே. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் சொல்கிறேன், வை என்று கத்தினேன். அவள் திரும்பவும் மாட்டேன் என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. இன்னும் பெரிதாகக் கத்த வாயெடுத்தேன், சிக்னல் போய்விட்டது. போனைத் தூக்கி ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காட்டினேன். ஒரு கோடுகூட வரவில்லை.

அந்தச் சிக்னல் போனது என் நல்ல காலம். கத்த முடியாததால் யோசித்தேன். அவள் சொன்னது என் வாயிலிருந்து போன வார்த்தை. நான் சொன்னதை அவள் மறக்கவில்லை, நான் மறந்துவிட்டேன். அப்பா நினைவு வந்தது. ஒரு தப்பான மணி அடித்தால் கேஜில் இருக்கிற எல்லார் தலையிலும் விழும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார். பெல்மேன் பெண் தப்பு மணி அடித்தாள், துடைக்கிறவள் அதைத் தடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, நேரமில்லை.

டப்பா வெளியேதான் இருக்கிறது. பத்து ஐம்பது வரை அதற்கு உயிர். அதற்குள் நாம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. எட்டு மணிவரை பொறுத்துப் பார்த்தோம். வண்டி அசையவில்லை. இறங்கலாம் என்றேன்.

ஆறு பேரும் படியில் தொங்கிக் குதித்து, தோப்பு வழியாக நடந்தோம். சுமதியின் புதுச் சேலை முழங்கால் வரை ஏறியது. அரை மணி நேரம் நடந்து ரோட்டுக்கு வந்தால் பஸ்ஸெல்லாம் ரயிலை விட்டு இறங்கியவர்களால் நிரம்பி, நிற்காமலே போகிறது. கடைசியில் தக்காளி ஏற்றிய ஒரு மினி லாரி நின்றது. டிரைவர் தெலுங்குக்காரர். எங்கே போகணும் என்றார். ஒயிட்பீல்டு என்றேன். இவ்வளவு அவசரமாக என்ன வேலை என்றார். பசை காய்ந்துவிடும் என்றேன்.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. போஸ்டர் ஒட்டப் பட்டுச்சேலையும் பூவுமா என்று கேட்டார். அதற்குமேல் எதுவும் கேட்காமல் பின்னால் ஏறச் சொன்னார். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஆறு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். முதல் வேகத்தடையில் சுமதி ஒரு பெட்டி மேல் சாய்ந்தாள், அது அவள் மேல் சாய்ந்தது. தக்காளிச் சாற்றில் குளித்து எழுந்தாள். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது, ஒயிட்பீல்டு வரும்வரை நிறுத்த முடியவில்லை. வேலை போகப்போகிற நேரத்தில் இப்படிச் சிரித்தோம் என்று பிறகு நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் என் பயம் தெளிந்தது. இது மெஷினுக்கு முன்னால் எனக்குப் பயன்பட்டது.

கம்பெனி வாசலில் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினோம். மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்து அவர் முகம் போன போக்கை எழுத முடியாது. புனே அம்மா எட்டரையிலிருந்து காத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

நான் நேரே பிரிட்ஜ் இருக்கிற அறைக்குப் போனேன். டப்பா மேஜை மேல், வெயில் படாத மூலையில், மூடி திறக்காமல் இருந்தது. மூடியில் ஸ்டிக்கர், அதில் 6:50. பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். ஸ்டிக்கரைக் கிழித்து வேறு ஒன்று ஒட்டி ஏழு ஐம்பது என்று எழுதினால் ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கும். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. வந்தது, போயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்ய என்னால் முடிந்திருக்காது.

உன்னைக் கத்தியது தப்பு என்றேன். இன்றைக்கு மட்டுமில்லை, அன்றைக்கு எல்லார் முன்னாலும் கத்தியதும் தப்பு என்றேன். அவள் அதைக் காதில் வாங்காதவள்போல, என் தலையில் இருந்த தக்காளி விதையை எடுத்துப் போட்டாள். பிறகு நான் ஒன்று கேட்டேன்.

"என் கண்ணு போர்டு மேலதான் இருக்கும். மணியை நான் பார்க்க மாட்டேன். கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு நீ பாரு. பத்து அம்பது ஆனதும் கையைக் காட்டு, நான் நிறுத்திடுறேன்."

அவளுக்கு பிரிண்ட் ரூமுக்குள் வர அனுமதி கிடையாது. வராண்டாவில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தது, அதற்கு நேரே சுவர்க் கடிகாரம். வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கே போய் நின்றாள்.

கையை மூன்று முறை கழுவி, கோட்டும் தொப்பியும் மாட்டி, தூசி போகக் காற்றடிக்கிற அறையில் நின்று உள்ளே போனோம். சுமதியின் தொப்பிக்குள் கனகாம்பரமும் தக்காளியும் ஒன்றாகப் போயின. புனே அம்மா மெஷினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குட்டையான ஆள், கூர்மையான கண். குட் மார்னிங் என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

ஸ்டென்சிலை உட்காரவைத்து, பசையைத் திறந்து பரப்பி முடிக்கும்போது மணி பத்து இருபத்தாறு. முதல் போர்டை இழுத்தேன். சுமதி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். ஓகே என்றாள். பொட்டுகள் எல்லாம் விளிம்பு கலையாமல் கோலப்புள்ளி போல உட்கார்ந்திருந்தன. புனே அம்மாவும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்தது என்றார்.

ஒரு போர்டுக்கு இரண்டு நிமிஷம். அவசரப்பட்டால் ஒரு நிமிஷத்தில் முடிக்கலாம், முடித்தால் பொட்டு இழுபடும். நான் அவசரப்படவில்லை. இழுப்பது, தகட்டைத் தூக்குவது, துடைப்பது, அடுத்தது. நேரம் பார்க்கிற கவலை என்னுடையதில்லை என்பதே எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் சுமதி ஓகே என்றாள். அவளுக்கு அவ்வளவு சின்ன வார்த்தைகூடத் தெரியும் என்பதே எங்களுக்குப் புதிதாக இருந்தது.

பதினோராவது போர்டை எடுத்து நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரிட்ஜக்கா இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்திருந்தாள்.

இன்னும் ஐந்து போர்டு பாக்கி. தகட்டின் மேல் பசை நிறைய இருந்தது, நன்றாகவும் இருந்தது. மேனேஜர் புனே அம்மாவுக்குப் பின்னால் நின்று, நிறுத்தாதே, நிறுத்தாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஐந்து போர்டு, பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் ஆறு வீடுகளின் சோறு இருக்கிறது. சுமதி மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் தகட்டைத் தூக்கினேன், பசையை வழித்துக் குப்பை டப்பாவில் போட்டேன்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று புனே அம்மா கேட்டார். என் அரைகுறை இந்தியிலும் அதைவிட அரைகுறை இங்கிலீஷிலும் ஸ்டிக்கரைக் காட்டிச் சொன்னேன். நேரம் முடிந்துவிட்டது. அப்படியானால் ஆறு ஐம்பதுக்கு எடுத்தது யார், நீங்கள் பத்து மணிக்குத்தானே வந்தீர்கள் என்றார். கூர்மையான கண் என்று சொன்னேனே.

இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாலூரில் போன், எட்டு மணி ஓட்டத்தின் ரகசியம், ரயில் நின்றது, நான் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னது, அவள் மாட்டேன் என்றது, தக்காளி லாரி. இந்தி தீர்ந்த இடத்தில் தமிழில் சொன்னேன். மேனேஜர் மொழிபெயர்த்தார். பிளாஸ்க் கொடுத்தவர் வாயாலேயே அதை மொழிபெயர்க்க வைத்தது கொடுமைதான்.

புனே அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவளைச் சற்று நேரம் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார். பதினோரு போர்டை மட்டும் பெட்டியில் வைத்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மூன்று வாரம் அந்த ரயிலில் எங்கள் பெட்டி போல அமைதியான பெட்டி கிடையாது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மாலூரில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஆறு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வோம். நான் போனை எடுக்கவில்லை. எட்டு மணிக்குப் போய் டப்பாவை நானே எடுத்து வைத்து, ஒன்பது மணிவரை மேனேஜர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். பிளாஸ்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வேண்டாம், வெந்நீர் குடியுங்கள் என்றார்.

ஒரு நாள் காலை சுமதி என் தோளில் இடித்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன்க்கா. அந்தப் பன்னெண்டாவது போர்டை நீ இழுத்திருந்தா நான் ஓகேதான் சொல்லியிருப்பேன். நல்லாத்தான் கீதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் யாரோ ஒரு பெரியவரு காதுல அது செத்துப் போயிருக்கும். நீ நிறுத்தினது நல்லதாச்சு."

அதற்குப் பிறகு என் தூக்கம் சரியாயிற்று.

புனேயிலிருந்து கடிதம் வந்த அன்று மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். பிரிட்ஜக்காவையும் கூப்பிட்டார். பதினோரு போர்டையும் சூட்டில் வைத்தார்களாம், குளிரில் வைத்தார்களாம், வேர்வை படுகிற மாதிரி ஈரத்தில் ஊறவைத்தார்களாம். பதினொன்றும் உயிரோடு இருந்தன. வேலை எங்களுக்குத்தான். ஆனால் இரண்டு நிபந்தனை என்று படித்தார். வேலை செய்கிற ஆள் கம்பெனிக்குள் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் டப்பா பிரிட்ஜை விட்டு வெளியே வர வேண்டும். ரயிலில் இருக்கிற ஆள் ஆளே இல்லை. இது முதலாவது. பிரிட்ஜின் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். ரயிலிலிருந்து லீடர் சொன்னபோது மாட்டேன் என்றாரே, அவரிடம். இது இரண்டாவது.

நிரந்தரம் ஆனவர்கள் பட்டியல் ஒரு வாரத்தில் நோட்டீஸ் போர்டுக்கு வந்தது. ஆறு பேர் என்று நினைத்துத்தான் போய்ப் பார்த்தோம். ஏழு பெயர் இருந்தது. ஏழாவது பெயரைத்தான் இங்கே எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. சுமதி அந்தப் பெயரைச் சத்தமாக மூன்று முறை படித்தாள். அதுவரை எங்களில் ஒருத்திகூட அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. பிரிட்ஜக்கா வாளியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்றைக்கு நேரம் இருந்தது. மறுநாள் ரயிலில் சுமதி ஒரு பெரிய தூக்கு நிறையத் தக்காளி பாத் கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ புதுப் பசைகள் வந்தன. ஓட்டைகள் இன்னும் சின்னதாயின. மெஷினே கேமரா வைத்துப் பார்த்துக்கொள்கிறது. உங்களுக்கு என்னைவிட நிறையத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவசரத்தில் உங்களுக்கு நீங்களே ஒரு தப்பு மணி அடிப்பீர்கள், அதில் சந்தேகம் வேண்டாம். அப்போது மாட்டேன் என்று சொல்ல உங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கும்படி நடந்துகொள்ளுங்கள். அவரைக் கத்தி ஓட்டிவிடாதீர்கள். நான் கிட்டத்தட்ட ஓட்டியேவிட்டேன்.

பிரிட்ஜக்கா இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். சாவி இடுப்பில் தொங்கும். முதல் நாளே பார்த்திருப்பீர்கள். நேரம் எழுதாமல் ஒரு டப்பாவைத் தொட்டுப் பாருங்கள், மிச்சத்தை அவளே சொல்லித் தருவாள்.

நான் ரிட்டயர் ஆன நாளில் மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், மேனேஜர் பேசினார். எல்லாம் முடிந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வாசலுக்கு வந்தேன். கால் நகரவில்லை. பிரிண்ட் ரூமை இன்னும் ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். பிரிட்ஜக்கா வழியில் நின்றிருந்தாள். கையில் ஸ்டிக்கர். என் சேலைத் தோளில் அதை ஒட்டி, பேனாவால் ஐந்து முப்பது என்று எழுதினாள். அவள் கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆச்சே வந்துச்சுன்னா வந்துச்சு, ரோஸக்கா," என்றாள். "திரும்ப உள்ள வெக்க மாட்டேன்."